சாப்பாட்டில் மக்னீசியம் கூடினால் பிபி இறங்குகிறதா? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

சேலத்திலிருந்து:
வணக்கம். பிபிக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன். அப்படியும் மேல் அளவு 145-ஐ ஒட்டியே நின்றது. ஊட்டச்சத்து ஆலோசகரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, "மூணு வேளையும் அரிசிதானா?" என்றுதான். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை, ஆமாம் அரிசிதான். தீட்டிய அரிசி 100 கிராமில் மக்னீசியம் ஏறக்குறைய 20 மில்லிகிராம்தான் இருக்கிறதாம். கம்பில் 120-க்கு மேல், கேழ்வரகில் 140-க்கு மேல். அரிசியில் இருந்ததெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளுக்கு ஆண்களுக்கு 440, பெண்களுக்கு 370 மில்லிகிராம் வேண்டும்.

காரணத்தையும் விளக்கினார். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும். மக்னீசியம் அதை மட்டுப்படுத்துகிறது. நான் போடும் மாத்திரையும் கால்சியம் போகும் வழியைத்தான் அடைக்கிறது, அதன் வலு மிக அதிகம், அவ்வளவுதான்.

இரவில் கம்பு தோசை அல்லது களி, மதியம் ஒரு கீரை, சாயங்காலம் முறுக்குக்குப் பதில் உப்பில்லாத வறுகடலை என்று மாற்றினேன். இப்போது 138, 140 என்று காட்டுகிறது. டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி?

தஞ்சாவூரிலிருந்து:
நல்ல மாற்றம் ஐயா. ஆனால் முறுக்கை விட்டதால் உப்பும் குறைந்திருக்குமே! எங்கள் அப்பாவுக்கு அப்பளத்தையும் ஊறுகாயையும் நிறுத்தியதிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது. 1997-இல் வெளியான அமெரிக்காவின் டேஷ் ஆய்வில் 459 பேருக்கு உப்பின் அளவை மாற்றாமல் காய், பழம், பருப்பு வகை, கொழுப்பு குறைந்த பால் எல்லாம் கூட்டிக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட மேல் அளவு 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. அந்தத் தட்டில் மக்னீசியத்தோடு பொட்டாசியம், கால்சியம், நார்ச்சத்து எல்லாமே கூடியிருந்தன. மக்னீசியத்தை மட்டும் மாத்திரையாகக் கொடுத்த 34 ஆய்வுகளை 2016-இல் சேர்த்துப் பார்த்தபோது இறக்கம் சராசரியாக 2 புள்ளிதான். அதனால் நான் மாத்திரை டப்பாவை விடச் சாப்பாட்டுத் தட்டைத்தான் நம்புவேன்.

மதுரையிலிருந்து (செவிலியர், டயாலிசிஸ் பிரிவு):
இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. கூடுதல் மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது ரத்தத்தில் தேங்கி, உடம்பு தளர்ந்து, இதயத் துடிப்பே குறையும். ஒருவர் வீடியோ பார்த்துவிட்டு மக்னீசியம் மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்க முடியாத நிலையில் வந்தார். அவரைப் பார்த்த பிறகு யார் கேட்டாலும் முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கீரையில் பொட்டாசியமும் அதிகம், சிறுநீரகம் பழுதானால் அதுவும் தேங்கும், மறந்துவிடாதீர்கள்.

கோவையிலிருந்து:
எங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வேறு. பிபிக்குத் தண்ணி மாத்திரை (சிறுநீரை அதிகமாகப் போக வைப்பது), அதோடு பல வருஷமாக கேஸ் மாத்திரை (வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது). ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு தூங்கவே மாட்டார்கள். வயசாகிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். புதிதாகப் பார்த்த டாக்டர்தான் ரத்தத்தில் மக்னீசியம் பார்க்கச் சொன்னார். குறைவாக இருந்தது. அந்த இரண்டு மாத்திரைகளுமே மக்னீசியத்தைக் குறைக்கக்கூடியவையாம். கேஸ் மாத்திரையை அவரே மாற்றிக் கொடுத்தார், இழுப்பு குறைந்தது. இன்னொன்றும் சொன்னார்: உடம்பில் உள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை, அதனால் ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் உள்ளே பற்றாக்குறை இருக்கலாம். சரி, களிக்கு என்ன தொட்டுக்கொள்கிறீர்கள்? அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் இறங்காது.

சேலத்திலிருந்து:
அம்மா நலமானதில் சந்தோஷம். கருவாட்டில் உப்பு அதிகமாயிற்றே, அதை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் களிக்குக் கீரைக் கடைசல், இல்லையென்றால் கொள்ளுக் கடைசல். பூண்டும் சீரகமும் தாராளமாகப் போட்டு, உப்பைக் கடைசியில் பாதியளவு மட்டும் சேர்க்கிறோம்.