லினக்ஸின் மையமான கர்னலில் எதிர்பாராத பிழை: உங்களுக்கு நடந்தது என்ன?

குளச்சல்_பையன்:
மூணு வருசம் ஆச்சு, இன்னும் உறுத்துது. சித்தப்பா படகுல ஒரு சின்ன லினக்ஸ் போர்டு, ஜிபிஎஸ், ஆழம் பாக்குற சென்சார். சென்சாரைக் கர்னலோட இணைக்கிற டிரைவர் புரோகிராம் என்னோடது. ஐ2சி வயர் வழியா சென்சாரைப் படிக்கும்போது பிழை வந்தா பக்_ஆன்னு, அதாவது ஓடுற வேலையை அங்கயே சாகடிக்கிற கட்டளையைப் போட்டு வச்சிருந்தேன். ஆவணி மாசம், ராத்திரி கரை திரும்புறோம். முட்டம் கலங்கரை விளக்கு வலப்பக்கம் நகர்ந்துக்கிட்டே இருக்கு, திரையில படகுப் புள்ளி மட்டும் அசையல. "மக்களே, இது எந்த இடத்தைக் காட்டுது?"ன்னு சித்தப்பா கேட்டாரு. வாயடைச்சுப் போச்சு. கனெக்டர் பின்னுல உப்பு ஏறிப் பச்சை பிடிச்சிருந்தது. சென்சார் பதில் சொல்லல, பக்_ஆன் அதைப் படிச்சுக்கிட்டிருந்த த்ரெட்டைக் கொன்னுட்டு. அது பிடிச்சிருந்த மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற பூட்டு) அப்படியே பூட்டிக் கிடந்தது. வரைபட புரோகிராம் அதுக்காகக் காத்து டி நிலையில, அதாவது எழுப்ப முடியாத தூக்கத்துல நின்னுட்டு, கட்டாயமா நிறுத்துற கில் -9 கட்டளைக்கும் அசையல.

தக்கலை_தம்பி:
அண்ணே, கர்னல் இப்படிப் பிழையில விழுந்து செய்தி போடுறதைத்தான் ஊப்ஸ்ங்கிறோம். ஊப்ஸ் வந்தா மொத்தமா நிறுத்தச் சொல்ற பானிக்_ஆன்_ஊப்ஸ் 1, நின்ன பிறகு ரீபூட்டுக்குக் காக்குற கர்னல் பானிக் மதிப்பு 5 வச்சிருந்தா அஞ்சு செகண்டுல தானா ரீபூட் ஆகியிருக்கும். உறைஞ்ச திரைய விட அது மேல்.

மார்த்தாண்டம்_இராப்பணி:
தம்பி சொல்றதை ஏத்துக்க முடியல. வயர் கழர்றது, பின்னுல உப்பு ஏறுறது கர்னலோட தப்பு இல்ல, கடல்ல தினம் நடக்குறது. ரீபூட் ஆகி வந்தாலும் வயர் அப்படியேதானே கிடக்கும்? திரும்ப விழும். பக்_ஆன் வேண்டாம்னு லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் எத்தனை தடவை திட்டியிருக்காரு! பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்தாலே போதும். எச்சரிக்கை மட்டும் போடுற வார்ன்_ஆன்கூட இந்த இடத்துக்கு ஆகாது, எச்சரிக்கை வந்தாலே நிறுத்தச் சொல்ற பானிக்_ஆன்_வார்ன் போட்ட மெஷின்ல அதுவும் ஆளைக் கவுத்துரும்.
என் கதை சின்னது. கர்னலுக்குள்ள புது த்ரெட் தொடங்குற கேத்ரெட்_ரன் தோத்துச்சு, நான் நல்னு (வெறும் பாயின்டர்) மட்டும் சோதிச்சேன். அது நல் தராது, பிழை எண்ணையே பாயின்டராக்கித் தரும். ஊப்ஸ்ல ரெஜிஸ்டரைப் பாத்தா 15 எஃப், கடைசியில ஒரு 4. அது மைனஸ் 12, மெமரி இல்லங்கிற பிழை எண். பாயின்டருக்குள்ள பிழை எண் இருக்கான்னு பாக்குற இஸ்_எர் போட்டிருந்தா அங்கயே பிடிச்சிருக்கலாம்.
ஒண்ணு கேளுங்க. சாதனம் கிடைச்சதும் டிரைவர்ல ஓடுற புரோப்ல மெமரி, கிளாக், ஐஆர்க்யூ (சாதனம் கர்னலைக் கூப்பிடுற சிக்னல்) அப்படின்னு வாங்கினா, பிழை வந்தா தாவிப் போற கோட்டூ லேபிள்ல ஐஆர்க்யூ, கிளாக், மெமரின்னு தலைகீழாத்தான் விடணும். பாதியில தோத்தா அதுவரை வாங்கினதை மட்டும் விடணும். லாக் பிடிச்சிருந்தா எந்த வழியா வெளிய போனாலும் அன்லாக் ஆகுதான்னு விரல் வச்சுப் பாருங்க. ஊப்ஸ் செய்தியை ராம் மெமரியில ஒதுக்கின இடத்துல சேமிக்கிற ராமூப்ஸும் போட்டு வைங்க. ஊப்ஸ் செய்தி ரீபூட்டுக்குப் பிறகும் கிடைக்கும், ஆனா கரன்ட் போயிட்டா கிடைக்காது.

குளச்சல்_பையன்:
மாத்திட்டேன் அண்ணே. இப்ப சென்சார் போனா ஆழம் இருக்குற இடத்துல கோடு வரும், புள்ளி ஓடும். கடல்ல இறங்குறதுக்கு முன்னாடி சித்தப்பாவே வயரை ஒரு தடவை பிடுங்கிப் பாத்துக்கிடுவாரு.