புதுப்பிப்பு: விடியுமுன் அணைந்துபோகும் வானிலை நிலையம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் சோலார் வானிலை நிலையம் விடிவதற்கு முன்பே அணைந்துவிடுகிறது, வானத்தைப் பார்க்கும் கேமராவை மூடியிருக்கும் ஒளிபுகும் கூண்டும் பனித்துளி படிந்து மங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் பேட்டரியைச் சந்தேகித்தீர்கள். பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

கோளாறு வயரில். பேட்டரிக்குப் பக்கத்தில் 5 வோல்ட்டாகக் குறைத்து, மெல்லிய நீள வயரில், நிலையத்தை இயக்கும் சின்னக் கணினியான ராஸ்பெரி பைக்கு (Raspberry Pi) அனுப்பியிருந்தேன். கேமரா இயங்கும் நேரத்தில் பை முனையில் அளந்தால் 4.6 வோல்ட்தான். 4.63க்குக் கீழே போனாலே அது மின்னழுத்தக் குறைவு என்று எச்சரிக்கும். கடற்காற்றின் உப்பு இணைப்பிகளில் பச்சை பூக்க வைத்து மின்தடையை இன்னும் கூட்டியிருந்தது.

இப்போது பேட்டரியின் 12 வோல்ட்டே ராஸ்பெரி பை இருக்கும் பெட்டிவரை போகிறது, 5 வோல்ட்டாக்கும் குறைப்பான் அதற்குப் பக்கத்தில். அதே திறனுக்கு மின்னோட்டம் பாதிக்கும் குறைவு, வயரில் வீணாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இணைப்புகளைப் பற்றவைத்து சிலிக்கன் கிரீஸ் பூசினேன். அப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை, எவ்வளவு நிம்மதி!

கேமராக் கூண்டு மங்காமல் இருக்க, அதைச் சூடாக்க உள்ளே நான்கு 330 ஓம் தடையிகள், 12 வோல்ட்டில் பக்க இணைப்பாக. மொத்தம் சுமார் 1.7 வாட். காற்றின் வெப்பநிலை பனிபடுநிலையை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) நெருங்கும்போது மட்டும் சூடாகும். படம் தெளிவு.

மிச்சம் ஒன்றுதான்: நண்பகலில் வெப்பமானி கூடுதலாகக் காட்டுகிறது. சரி, காற்றோட்டமுள்ள வெள்ளைத் தட்டடுக்கு நிழற்கூடு செய்து பார்க்கப்போகிறேன். கொங்கிரீட் தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.