மோட்டருக்கு முதல் ஐஸ்

வட்சப் குழு: அளம்பில் கரை உறவுகள் (முல்லைத்தீவு)

வியாழக்கிழமை

செயலாளர் அண்ணை, மாலை 5.40
எல்லோருக்கும் வணக்கம். படகுக்குப் பூட்டும் மின்சார வெளியிணைப்பு இயந்திரம் தருவதாகச் சொன்ன நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பத்து மோட்டர், பற்றரியும் சோலார் தகடும் சேர்த்து. திங்கட்கிழமைக்குள் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். உங்கள் அபிப்பிராயத்தை இங்கேயே எழுதுங்கள்.
[கடிதத்தின் படம்]

படகுக்காரத் தம்பி, மாலை 5.44
நல்ல செய்தி அண்ணை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதே, அதை எப்படி மறப்பது? படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் கூலி வேலைக்குப் போனோம். எண்ணெய் இல்லாமல் ஓடும் எதுவும் எனக்குச் சம்மதம்.

குஞ்சியப்பு, மாலை 5.58
பேத்தி எழுதித் தருகிறாள். மோட்டர் எத்தனை குதிரைவலு? எவ்வளவு தூரம் ஓடும்? கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் இரண்டும் இல்லை.

செயலாளர் அண்ணை, மாலை 6.01
இல்லைத்தான் குஞ்சியப்பு. கேட்டு எழுதுகிறேன்.

கம்பஸ் தம்பி, மாலை 6.20
குஞ்சியப்பு கேட்டதுதான் முதற் கேள்வி. எங்கள் படகுகளில் இருப்பது பெரும்பாலும் 15 குதிரைவலு. அது ஏறத்தாழ 11 கிலோவாற். முழு வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட 33 யூனிற் வேண்டும். லித்தியம் பற்றரியில் ஒரு யூனிற்றுக்கு 8 முதல் 10 கிலோ நிறை வரும். கால் தொன்னுக்கு மேல் பற்றரியைப் படகில் ஏற்றிவிட்டு, வலையை எங்கே வைப்பது, மீனை எங்கே வைப்பது?
ஆனால் நாயாற்றுக் களப்புக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு இது பொருந்தும். ஓட்டம் குறைவு, வேகம் தேவையில்லை, அலை இல்லை. இரண்டு கிலோவாற் மோட்டர் போதும். அறிவியல் நகரில் எங்கள் பீடத்தில் இதைப் பற்றிக் கேட்டுச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

படகுக்காரத் தம்பி, மாலை 6.24
அப்படியானால் கடலுக்குப் போகும் எங்களுக்கு ஒன்றும் இல்லையா?

நான், மாலை 6.51
தம்பி, உங்களுக்குத்தான் பெரிய இலாபம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது மோட்டரில் இல்லை, ஐஸில் இருக்கிறது. சங்கக் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.
விடிய வலை எடுத்தவுடன் எல்லோரும் ஏன் எஞ்சினை முறுக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வருகிறீர்கள்? மீன் பழுதாகிவிடும், வியாபாரியின் வாகனம் போய்விடும். படகில் ஐஸ் இல்லை. இருந்தாலும் தூரத்திலிருந்து லொறியில் வந்து பாதி கரைந்த ஐஸ். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எண்ணெய் நிறைய மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மீன் அவசரப்படுத்தும்போது யாரால் மெல்ல வர முடியும்? ரெஜிபோம் பெட்டியில் மீனுக்குச் சரி நிறை ஐஸ் இருந்தால் அவசரம் இல்லை. எண்ணெயும் குறையும், விலையும் எங்கள் கையில் நிற்கும்.

குஞ்சியப்பு, மாலை 7.03
பிள்ளை சொல்வது சரி. முழு முறுக்கில் வருகிறவனுக்கும் முக்கால் முறுக்கில் வருகிறவனுக்கும் கரை சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெயில் இருக்கிறது. அடியில் பாசி பிடித்த படகு அதைவிடக் குடிக்கும். இளம் ஆட்கள் கேட்பதில்லை.

கருவாட்டு மாமி, இரவு 7.30
ஐஸ் இல்லாத நாளில் மிஞ்சும் கீரி மீனும் சூடை மீனும் யாரிடம் வருகின்றன? எங்களிடம். பழுதான மீனில் நல்ல கருவாடு வராது. மழை இருட்டினால் மணலில் பரப்பியதை அள்ளிக்கொண்டு ஓடுகிறோம். எங்களுக்கு வலை மறைப்புப் போட்ட சூரிய உலர்த்தி வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னோம். இந்தக் கடிதத்தில் பெண்கள் என்ற சொல்லே இல்லை.

செயலாளர் அண்ணை, இரவு 7.34
மாமி, குறித்துக்கொண்டேன்.

நான், இரவு 7.41
இன்னுமொன்று. இறங்குதுறையில் நிற்கும் குளிர்ப்பெட்டியை எல்லோரும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, நல்ல மனதோடுதான் தந்தார்கள். இன்று மூடியைத் திறந்தேன். பற்றரி முனைகளில் பச்சை பூத்து, வயரைத் தொட்டதும் பொடியாகக் கொட்டியது. உப்புக் காற்றுக்கு ஏற்ற பெட்டி இல்லை. திருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. உதிரிப்பாகம் எங்கே வாங்குவது என்று தாளில் ஒரு வரி இல்லை. அதை வைக்க முன் எங்களில் ஒருவரையாவது இருத்திக் கேட்டிருந்தால் இப்படி நிற்காது.
[பற்றரி முனையின் படம்]

பேசாலை அத்தான், இரவு 8.15
அங்கே ஒரு பெட்டி, இங்கே ஒரு தீவே அப்படி. மன்னாரில் தம்பபவனி 2020 டிசம்பரில் திறந்தார்கள், 30 காற்றாலை. காற்றில் மின்சாரம் எடுப்பதை இங்கே யாரும் வெறுக்கவில்லை. கரையோரம் மீன் விலகிவிட்டது என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள், வெள்ளம் வடியவில்லை என்று ஊர் சொல்கிறது. இவற்றை முதலே கேட்டு, சேர்ந்து ஆராய்ந்து, எழுத்தில் பதில் தந்திருந்தால் 2025 ஆகஸ்டில் சனம் இரவும் பகலும் வீதியில் இருந்திருக்காது. சுத்தமான சக்தி என்றால் போதாது. கேட்டு வர வேண்டும். நீங்கள் கையெழுத்து வைக்க முன் யோசிப்பது நல்லது.

நோர்வே சித்தப்பா, இரவு 9.02
பிள்ளைகள், இங்கிருந்து இரண்டு விடயம். 2015 இல் இங்கே கரோலினா மாதிரி ஒரு பெயர், சரியாக எழுதினால் கரோலினே, 11 மீற்றர் மின்சார மீன்பிடிப் படகு ஒன்றை ஓட்டினார்கள். அதுவும் முழுக்கப் பற்றரியில் இல்லை, டீசலும் உள்ளே இருந்தது. நோர்வேக்கே அப்படி. ஆகவே கம்பஸ் தம்பியின் கணக்கை மதியுங்கள்.
மற்றது முக்கியம். நைதரசன் ஒட்சைட்டுப் புகைக்கு அரசு வரி போட்டபோது, தொழில் அமைப்புகள் அரசோடு இருந்து பேசி 2008 இல் ஒரு நிதியம் அமைத்தன. வரிக்குப் பதிலாக நிதியத்துக்குக் காசு கட்டுகிறார்கள். யார் புகையைக் குறைக்கும் எஞ்சினோ பற்றரியோ பூட்டுகிறாரோ அவருக்கு அந்தக் காசிலிருந்து உதவி. தண்டமாகப் போகிற காசு தொழிலுக்கே திரும்பி வருகிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவும் 2023 பெப்ரவரியில் மீன்பிடிக்கும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கும் எண்ணெயிலிருந்து சுத்தமான சக்திக்கு மாற ஒரு திட்டம் வெளியிட்டது. 2050 இல் காலநிலைக்குச் சுமையில்லாத தொழில் என்பது இலக்கு. அதில் மீனவர், படகு கட்டுகிறவர், துறைமுகம், வங்கி, ஆய்வாளர் எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊருக்கு அந்த மேசைதான் வேண்டும். அவர்களுடைய பற்றரி பிறகு.

முத்தையன்கட்டு மச்சான், இரவு 9.20
குளத்துக்காரரையும் கூப்பிடுங்கள். நாங்கள் துடுப்பில்தான் போகிறோம், எங்களுக்கு எஞ்சினே தேவையில்லை. நக்டா, அதுதான் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை, குளத்தில் மீன்குஞ்சு விடுகிறது, திலாப்பியா படுகிறது, ஐஸ் இல்லாமல் மோட்டார்ச் சைக்கிளில் வெயிலோடு ஓடி விற்கிறோம். ஐஸ் என்றால் குளமும் கடலும் ஒரே கட்சி.

வெள்ளிக்கிழமை

ஐஸ் லொறி அண்ணை, காலை 6.10
இரவு எல்லாம் வாசித்தேன். ஐஸ் விற்கிறவன் நான். நீங்கள் சோலாரில் ஐஸ் போட்டால் என் பிழைப்பு என்னாகும் என்றும் ஒருவர் யோசிக்க வேண்டும்.

நான், காலை 6.32
அண்ணை, உங்களை வெளியே தள்ளும் யோசனைக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். நீங்கள் இல்லாமல் இது நடக்கவும் நடக்காது. குளிர் எஞ்சினைப் பார்க்கத் தெரிந்தவர், அச்சில் உறைய வைக்கத் தெரிந்தவர், லொறி வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். தகடு உங்கள் கொட்டகைக் கூரையில் ஏறட்டும். சங்கம் ஒரு பருவத்துக்கு இவ்வளவு ஐஸ் வாங்குவோம் என்று எழுதித் தரட்டும். அந்த எழுத்தைக் காட்டினால் வங்கியும் கடன் பற்றிப் பேசும்.

ஐஸ் லொறி அண்ணை, காலை 6.40
அப்படியென்றால் வருகிறேன். மின்சாரக் கட்டணம்தான் என்னை விழுத்துகிறது. மின்தடை வந்தால் ஜெனரேட்டருக்கு டீசல்.

கம்பஸ் தம்பி, காலை 7.15
வெப்ப நாட்டில் ஒரு தொன் கட்டி ஐஸ் போட 55 முதல் 70 யூனிற் வரை வேண்டும். 20 கிலோவாற் தகடு எங்கள் பக்கத்து வெயிலில் நல்ல நாளில் 80 யூனிற் வரை தரும். ஆக, 20 கிலோவாற்றுக்கு ஒரு தொன் என்று மனதில் வையுங்கள்.
இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பகலில் வெயில் தருகிற மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கத்தான் விலைகூடிய பற்றரி. ஐஸுக்கு அது தேவையில்லை. பகலில் உறைய விட்டால் அந்தக் கட்டியே சேமிப்பு. இரவில் படகு இறங்கும்போது எடுத்துப் போகலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருந்தவர்களைப் பகலில் நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கிறதா? பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. பகலில் மட்டும் ஓடும் ஐஸ் ஆலைக்குக் குறைந்த கட்டணம் தர முடியுமா என்று அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துக் கேட்போம்.

குஞ்சியப்பு, காலை 7.31
மாரியில் வெயில் இல்லையே என்று யாரும் பயப்பட வேண்டாம். வாடை பெயர்ந்தால் படகும் கரையில். ஐஸும் கொஞ்சம் போதும்.

ரீச்சர் அக்கா, காலை 7.50
இதை நான் நினைக்கவே இல்லை குஞ்சியப்பு. நன்றி.
ஒரு கவலையையும் சொல்கிறேன். பற்றரி மலிந்து, எல்ஈடி விளக்கும் மலிந்தால் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறவனுக்கும் அது வசதி. அதை எதிர்த்து நாங்கள் வீதிக்கு வந்தவர்கள். எங்கள் பெயரில் வரும் பற்றரி அந்த வேலைக்குப் போனால் குஞ்சு மீனும் மிஞ்சாது. ஒப்பந்தத்தில் முதல் வரியாக அது வர வேண்டும்.

படகுக்காரத் தம்பி, காலை 7.58
நூறு வீதம் சரி அக்கா. அப்படிச் செய்தால் மோட்டரைச் சங்கம் திரும்ப எடுக்கட்டும்.

செயலாளர் அண்ணை, பகல் 12.20
கடலில் இருந்ததால் இப்போதுதான் முழுவதும் வாசித்தேன். திங்கட்கிழமை அனுப்பும் கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:
“தங்கள் உதவியை வரவேற்கிறோம். பத்து மோட்டரையும் ஒரே தரத்தில் ஏற்பதற்கு முன் இரண்டை மட்டும் நாயாற்றுக் களப்பில் ஒரு பருவம் ஓட்டிப் பார்க்க விரும்புகிறோம். மிகுதி நிதியை ஐஸ் உற்பத்திக்கும் கருவாட்டு உலர்த்திக்கும் மாற்ற முடியுமா எனக் கேட்கிறோம். உப்புக் காற்றுக்கு ஏற்ற பொருத்துகளும், முல்லைத்தீவிலேயே கிடைக்கும் உதிரிப்பாகமும், எங்கள் பிள்ளைகள் இருவருக்குத் திருத்தும் பயிற்சியும் இருந்தால் மட்டுமே பொறுப்பேற்போம். சட்டவிரோத மீன்பிடிக்கு இவை பயன்படுத்தப்படின் சங்கம் மீளப் பெறும். எங்கள் கூட்டத்துக்குத் தங்கள் பிரதிநிதியும் வர வேண்டும்.”
கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்துக்கும் நக்டாவுக்கும் மின்சார சபைக்கும் பிரதி போகும். சரியா?

நோர்வே சித்தப்பா, பகல் 12.41
சரியான கடிதம். இங்குள்ள ஊர்ச் சங்கத்தில் உலர்த்திக்குக் காசு கேட்கிறேன். மாமி, எத்தனை பேருக்கு, எவ்வளவு பெரிது என்று அனுப்புங்கள்.

கருவாட்டு மாமி, பகல் 1.05
இரவு அனுப்புகிறேன். செயலாளர் தம்பி, கூட்டம் காலை ஒன்பது என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நேரம் நாங்கள் மீன் வெட்டிக் கழுவிக்கொண்டு நிற்போம். ஒருவரும் வர முடியாது.

செயலாளர் அண்ணை, பகல் 1.09
பின்னேரம் மூன்று மணி, மாமி. வாசிகசாலையில். ஐஸ் அண்ணைக்கும் முத்தையன்கட்டுக்கும் நானே அழைத்துச் சொல்கிறேன்.