எலிப் பூங்கா சோதனையை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம்?

தேன்சிட்டு:
சைக்காலஜி முதல் வருடம். நாளை மறுநாள் வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும், அதற்காக எலிப் பூங்கா சோதனை பற்றிய காணொளிகளைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். தனிக் கூண்டில் அடைத்த எலி மார்ஃபின் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்குமாம், அதையே விசாலமான இடத்தில் கூட்டத்தோடு விட்டால் தொட்டுக்கூடப் பார்க்காதாம். ஆகவே போதைப்பொருளில் ஒன்றுமே இல்லை, எல்லாம் தனிமைதான் என்று முடித்துவிட்டார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் எலிகள் கொக்கெய்னுக்காக லீவரை அழுத்தி அழுத்தியே செத்தன என்று இருக்கிறது. எதை நம்புவது?

அரைத்தூக்கம்:
இரண்டும் நடந்ததுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு மருந்து, வேறு வேறு வழி. முதலாவது கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் குழு 1970களின் கடைசியில் செய்தது. சாதாரணக் கூண்டைப் போல சுமார் 200 மடங்கு இடம், ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது எலிகள். மார்ஃபின் கசக்கும், அதனால் சர்க்கரை கலந்து வைத்தார்கள். எனக்கு இடிப்பது இங்கேதான்: பூங்கா எலி குறைவாகக் குடித்தது போதை வேண்டாம் என்றா, இல்லை அந்த ருசி பிடிக்காமலா? குடித்த அளவை மட்டும் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 1996ல் பெட்ரி என்பவர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை, எலிகளின் வம்சம் மாறியது காரணமாக இருக்கலாம் என்றார்.

நீங்கள் புத்தகத்தில் படித்தது 1985ல் போசார்த்தும் வைஸும் செய்ததாக இருக்கும். எலி லீவரை அழுத்தினால் மருந்து நேராக ரத்தக்குழாய்க்குள் போகும், நேரக் கட்டுப்பாடே கிடையாது. 30 நாளில் கொக்கெய்ன் எலிகளில் 90 சதவீதமும் ஹெராயின் எலிகளில் 36 சதவீதமும் செத்தன. கூண்டு ஒன்றுதான், மருந்து மாறியதும் கதை மாறுகிறது பாருங்கள். ஹெராயின் எலி மெதுவாக, சீராக அளவைக் கூட்டிக்கொண்டே போனது. கொக்கெய்ன் எலி வெறி பிடித்த மாதிரி எடுக்கும், அப்புறம் சும்மா கிடக்கும், திரும்ப ஆரம்பிக்கும்.

வெள்ளெலி:
ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருடம் இதே வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன், லீவர் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். மருந்து போவதற்காகக் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைச் செருகி முதுகு வழியாக வெளியே எடுத்திருப்போம். ஒரு நாள் ஒரு எலி திடீரென்று மூன்று மடங்கு அழுத்தியது, ஆகா அடிமையாகிவிட்டது என்று நோட்டில் குறித்தும் வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் குழாய் அடைத்திருக்கிறது. வர வேண்டியது வரவில்லை என்று அது பாவம் லீவரோடு மல்லுக்கட்டியிருக்கிறது! குழாய் நன்றாக இருந்தாலுமே, டோஸைப் பாதியாக்கினால் எலி பெரும்பாலும் அதிகம்தான் அழுத்தும், ஈடுகட்டப் பார்க்கும். அதனால்தான் ஒவ்வொரு டோஸுக்கும் தேவையான அழுத்தங்களை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் போதும் என்று விடுகிறது என்று பார்ப்பார்கள்.

நேரமும் முக்கியம். தினமும் ஒரு மணி நேரம் கொக்கெய்ன் கிடைத்த எலிகள் ஒரே அளவில் நின்றன, ஆறு மணி நேரம் கிடைத்தவை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போயின (அகமதும் கூப்பும், 1998).

தேன்சிட்டு:
அப்படியானால் சூழல் என்பதே சும்மாவா?

அரைத்தூக்கம்:
சும்மா இல்லை. மருந்து உடம்பில் என்ன செய்யும் என்பதையே அது மாற்றும். சீகல் 1982ல் செய்ததைக் கண்டிப்பாகப் படியுங்கள். எலிகளுக்கு ஒரே அறையில் ஹெராயின் கொடுத்துப் பழக்கிவிட்டு, கடைசியில் பெரிய டோஸ் போட்டார். பழகிய அறையில் போட்டவற்றில் சுமார் 32 சதவீதம் செத்தன. அதே அளவு பழகிய எலிகள்தான், அறையை மட்டும் மாற்றியதும் சுமார் 64. ஹெராயினையே அறியாத எலிகளில் 96. அறையைப் பார்த்ததுமே உடம்பு எதிர்த்து நிற்கத் தயாராகிவிடுகிறது, புது அறையில் அந்தத் தயாரிப்பு இல்லை என்பது அவர் விளக்கம்.

வெள்ளெலி:
2018ல் வந்த வென்னிரோ ஆய்வையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு லீவரை அழுத்தினால் மெத்தாம்ஃபெடமின், இன்னொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலி. பெரும்பாலும் சக எலியைத்தான் தேர்ந்தெடுத்தன. ஆனால் சக எலி வருவதைத் தாமதப்படுத்தினாலோ, அழுத்தியதற்குக் கூடவே ஷாக் கொடுத்தாலோ மருந்துப் பக்கம் சாய்ந்தன.

தேன்சிட்டு:
மிக்க நன்றி. முதல் ஸ்லைடில் "பூங்கா எலிகள் மார்ஃபினைத் தொடவே இல்லை" என்று போட்டிருந்தேன், "குறைவாகக் குடித்தன" என்று மாற்றிவிட்டேன். சரியா?

அரைத்தூக்கம்:
சரி. அதோடு சர்க்கரையையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.