கேம்ஷாஃப்ட் கேப்: ஒவ்வொன்றாகக் கழற்றலாமா, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டுமா?

வேர்கிளம்பிக்காரன்:
காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் முன்பக்கம் கரகரக்கிறது. கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழற்சியைக் கேம்ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் செயின் நீண்டுவிட்டது. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, அவற்றைத் திறக்கும் தண்டுகளான இரண்டு கேம்ஷாஃப்ட். இந்த எஞ்சினில் கேமைத் தூக்கினால்தான் செயின் வெளியே வரும். வீட்டிலேயே மாற்ற நினைக்கிறேன். கேமை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) அழுத்திப் பிடிக்கும் கேப்புகளின் போல்ட்டுகளை எப்படிக் கழற்றுவது?

தக்கலை மெக்கானிக்:
தம்பி, 22 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். முன்கேப்பில் தொடங்கிப் பின்னால் வரை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற சின்ன போல்ட்தானே. இதுவரை ஒரு கேம்கூட ஒடிந்ததில்லை. 1வது சிலிண்டரை மேல்நிலையில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்திவிட்டால் கேமில் அழுத்தமே இருக்காது.

குளச்சல் கரை:
அண்ணாச்சி, அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் கடைசி வரி தவறு. 1வது சிலிண்டர் எரிப்புக்கு மேல்நிலையில் நிற்கும்போது 4வதில் இரண்டு பக்க வால்வுகளும் சற்றுத் திறந்திருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதோ ஒரு வால்வின் ஸ்பிரிங் கேமை மேலே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். முன்கேப்புகளை முழுதாக எடுத்துவிட்டால் அந்த முனை எழும்பும், பின்முனை இறுகியே இருக்கும். எங்கள் கரையில் வள்ளத்தைத் தூக்கும்போது ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் தோள்கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பல கேம்கள் வார்ப்பிரும்பு, வளையாது, ஒடியும். கேம் தப்பித்தால் கடைசிக் கேப்பின் போல்ட் ஹெட்டின் அலுமினிய மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

எல்லா போல்ட்டையும் முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று என்று பலமுறை சுற்றிவந்து தளர்த்த வேண்டும். பெரும்பாலும் இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி. இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. உங்கள் எஞ்சினுக்கு வேறு வரிசை இருக்கலாம், சர்வீஸ் கையேட்டில் உள்ளதே இறுதி.

கருங்கல் ஆசிரியை:
எங்கள் காருக்கு இதுதான் நடந்தது. ஒரு பட்டறையில் அவசரமாகக் கழற்றியதில் ஒரு கேப் விரிசல் விட்டது. கேப் மட்டும் வாங்கலாம் என்று நாகர்கோவில் முழுக்க அலைந்தோம். கிடைக்காது. கேப்புகளை ஹெட்டில் பூட்டிய பிறகே இரண்டையும் சேர்த்துத் துளையிடுகிறார்களாம். ஒன்று போனால் ஹெட்டே போனது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தக்கலை மெக்கானிக்:
4வது சிலிண்டர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் கையில் ஒடியாதது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகவே தளர்த்துங்கள். ஆனால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம் என்று சொல்லிப் பையனைப் பயமுறுத்த வேண்டாம். கைக்கணக்கு போதும்.

குளச்சல் கரை:
இதில் உடன்பட மாட்டேன். இந்த அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான் வரும். பழகிய உங்கள் கைக்கு அது தெரியும். முதல்முறை செய்கிறவர் கைக்குத் தெரியாது. போல்ட் துளையில் தேங்கிய எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது அந்த எண்ணெயே ஹெட்டைப் பிளக்கும்.

தக்கலை மெக்கானிக்:
சரி, முதல்முறைக்கு ரெஞ்ச் இருக்கட்டும். ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கேமைத் திரும்ப வைத்துக் கேப்பை இறுக்கும்போது வால்வுகள் கீழே இறங்கும். பிஸ்டன் மேலே நின்றால் இடித்து வளைந்துவிடும். அந்த நேரத்தில் கிராங்க் எங்கே நிற்க வேண்டும் என்று கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்கு. செயினும் அதைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனரும் பூட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்கேயாவது தடுத்தால் பலம் கொடுக்காதே, நிறுத்திவிடு.

வேர்கிளம்பிக்காரன்:
ஹெட் கவரைத் திறந்துவிட்டேன். கேப்புகளில் எண்ணும் அம்புக்குறியும் தெளிவாக இருக்கின்றன. ஓர் அட்டையில் துளையிட்டு, கேப்பையும் அதன் போல்ட்டுகளையும் அதே வரிசையில் வைக்கப்போகிறேன். டார்க் ரெஞ்சை மார்த்தாண்டத்தில் ஒரு நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அது வந்த பிறகுதான் முதல் போல்ட்டைத் தொடுவேன்.