பீஜ் லெதர் சீட்டில் ஊறிய எண்ணெய்க் கறுப்பு: ஏபிசி அடிக்கலாமா, கூடாதா?

கோவை_செடான்:
2016 மாடல் செடான். கம்பெனியிலிருந்தே வந்த பீஜ் லெதர் சீட். ஹெட்ரெஸ்டில் தலை எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கு. டிரைவர் சீட்டில் ஏறி இறங்குற பக்க விளிம்பு முழுக்கக் கறுப்பு. உட்காருற இடத்தில் ஜீன்ஸ் நீலம், பின்சீட்டில் குழம்பு சிந்தின மஞ்சள் கறை. பேபி வைப்ஸுக்கு எதுவும் அசையலை. ஏபிசி (ஆல் பர்ப்பஸ் கிளீனர்) அடிச்சு டிரில் மெஷினில் மாட்டுற பிரஷ் போட்டா ஒரு மணி நேரத்தில் பளிச்னு ஆகிடும்னு வாஷ் கடையில் சொல்றாங்க. கொடுக்கலாமா?

பைபாஸ்_வாஷ்பே:
டிரில் பிரஷ் வேண்டாம்னு சொல்லிடுங்க. ஏபிசி தாராளமா போடலாம். இந்த அளவு எண்ணெய்க்கு லெதர் கிளீனர்னு விக்கிற நுரை பத்தாது. பாட்டில் பாதி காலியாகும், கறுப்பு அப்படியே நிக்கும். ஏபிசி ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு. சீட் மேல அடிக்காம பிரஷ்ல அடிங்க. ஒரு சதுர அடியா எடுத்து 20, 30 விநாடி மெதுவா சுத்தி, காயவிடாம மைக்ரோஃபைபரால் துடைங்க. அப்புறம் ஈரத்துணி ரெண்டு தடவை. எண்ணெய்ப் பிசுக்கை உடைக்கக் காரம் (ஆல்கலி) வேணும், ஏபிசியில் அது இருக்கு, அதுக்கு மாற்று கிடையாது.

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
அழுக்கு எதன் மேல உட்கார்ந்திருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் கெமிக்கலைப் பேசுவோம். கார் சீட்டுக்குப் போற லெதர் பெரும்பாலும் நிறமி பூசினது. தோல் மேல பேஸ் கோட், அதுக்கு மேல கலர் கோட், கடைசியா பாலியூரித்தேன் டாப் கோட். இந்தப் பூச்சு மொத்தமா 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினா அதை வெறும் "லெதர்"னு விக்க முடியாதுன்னு ஐரோப்பியத் தரநிலை சொல்லுது. அவ்வளவு மெல்லிசு. நீங்க தேய்க்கிறது தோலை இல்லை, இந்தப் பெயின்டை.

தலை எண்ணெயும் வியர்வையும் மாசக்கணக்கில் ஊறின இடத்தில் பூச்சு ஏற்கெனவே இளகியிருக்கும். அங்கே காரத்தைப் போட்டுத் தேய்ச்சா கறுப்போட சேர்ந்து கலரும் கழண்டு வரும். எந்த கிளீனர் போட்டாலும் வெள்ளைத் துணியில் துடைங்க. துணியில் கறுப்பும் பழுப்பும் வர்ற வரைக்கும் அது அழுக்கு. சீட்டோட பீஜ் நிறமே ஏற ஆரம்பிச்சா அந்த இடத்தில் வேலையை நிறுத்திடணும்.

பதனிட்ட தோல் அமிலப் பக்கம் இருக்கும், பிஎச் 3.5 முதல் 5 வரை. ஏபிசி பலதும் 11, 12, அதாவது நல்ல காரம்.

பைபாஸ்_வாஷ்பே:
அந்த பிஎச் கணக்கு தோலுக்கு சார், டாப் கோட்டுக்கு இல்லை. மேல பாலியூரித்தேன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு சொட்டுத் தண்ணி விட்டா முத்தா நிக்குது. தண்ணியே இறங்காத இடத்தில் 30 விநாடி நிக்கிற காரம் மட்டும் எப்படி இறங்கும்? பெயின்ட் போறது உராய்வால். சாதுவான கிளீனரை வெச்சுப் பத்துத் தடவை தேய்க்கிறதுக்கு, காரத்தை வெச்சு ஒரே தடவையில் எடுக்கிறது மேல்.

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
டாப் கோட் முழுசா இருக்கிற இடத்துக்கு நீங்க சொல்றது பொருந்தும், மறுக்கலை. இவர் கேட்கிறது விளிம்பும் ஹெட்ரெஸ்டும். உரசி உரசி விளிம்பில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். கறுப்பு கோடு கோடா தெரியுதுன்னா அழுக்கு அந்த வெடிப்புக்குள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அழுக்கு போன வழியில் ஏபிசியும் போகும். தையல் ஓட்டையும் அப்படித்தான், துளை போட்ட லெதரும் அப்படித்தான். மேலே துடைக்கிற ஈரத்துணி உள்ளே போனதை எடுக்காது. தண்ணி ஆவியாகும், காரம் தங்கும், தோல் நாளாவட்டத்தில் விறைக்கும். ஒன்றுக்குப் பத்துங்கிறது கடைகளில் பல நேரம் கண்ணளவுதான், அதையும் கணக்கில் எடுங்க.

உராய்வைக் குறைக்கணும்னா காரத்தைக் கூட்ட வேண்டியதில்லை, நேரத்தைக் கூட்டுங்க. முதல்ல மடிப்பையும் தையலையும் விரலால் விரிச்சு வேக்யூம் பண்ணுங்க. மணல் இருந்தா பிரஷ் அதையே வெச்சு டாப் கோட்டைக் கீறும். பிறகு நடுநிலை பிஎச் லெதர் கிளீனர், குதிரைமுடி பிரஷ், ஆர்ஓ தண்ணி (போர் தண்ணி காய்ஞ்சா உப்புப் பூக்கும்). கிளீனரை சீட்டுக்குக் கீழே கண்ணில் படாத இடத்தில் சோதிச்சுட்டு ஆரம்பிங்க. ஒரு சதுர அடிக்கு மேல எடுக்காதீங்க. நுரையைப் பரப்பி ஒரு நிமிஷம் நிக்க விடுங்க. பிரஷ் முடி வளையாத அளவு லேசா சுத்துங்க. அழுக்கேறின நுரையைத் துணியால் ஒத்தி எடுங்க, இழுத்துத் துடைச்சா அதே அழுக்கு திரும்ப வெடிப்புக்குள்ள போகும். துணியை ஒவ்வொரு தடவையும் சுத்தமான பக்கமா மடிங்க. பத்து நிமிஷம் ஆறவிட்டு அதே இடத்தில் மறுபடி. விளிம்புக்கு நாலஞ்சு சுற்று ஆகலாம். ஹெட்ரெஸ்டில் அதுக்கப்புறமும் பிசுபிசுப்பு நின்னா, லெதருக்குன்னே விக்கிற டிகிரீசர் (எண்ணெய் எடுக்கிற கிளீனர்) மட்டும் போடுங்க.

சீட்கவர்_தையல்:
ரெண்டு பேரும் அது லெதர்னு முடிவு கட்டிட்டே சண்டை போடுறீங்க. கம்பெனி லெதர்னாலும் உடம்பு படுற நடுப்பகுதி மட்டும் தோலும், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்ஸினுமா (செயற்கை லெதர்) வர்ற கார் நிறைய. சீட்டுக்கு அடியில் மடிச்சுக் குத்தின ஓரத்தைத் திருப்பிப் பாருங்க. நார் நாரா இருந்தா தோல், பின்னல் துணி தெரிஞ்சா ரெக்ஸின். சொட்டுத் தண்ணி சோதனை இதைச் சொல்லாது, ரெண்டிலும் தண்ணி நிக்கும். தண்ணி உறிஞ்சி இடம் கறுத்தா பூச்சு இல்லாத அனிலின் லெதர், அதில் இங்கே பேசின எதையும் போடாதீங்க. ரெக்ஸினுக்கு வாஷ்பே சொன்ன அளவு ஏபிசி தாங்கும். ஸ்பிரிட்தான் ஆகாது. ரெக்ஸினை இளக்கமா வெச்சிருக்கிற பொருளை அது உறிஞ்சிடும், பிறகு வெயிலில் வெடிக்கும்.

மஞ்சள் கறை மேல ஏபிசியோ குளியல் சோப்போ பட்டா சிவப்பா மாறும். காரம் பட்டா மஞ்சளோட குணமே அது. கறை பெருசாயிடுச்சுன்னு பயந்து அழுத்தித் தேய்ச்சுப் பெயின்டைக் கெடுத்துக்காதீங்க. நடுநிலை கிளீனரால் குழம்பு எண்ணெயை மட்டும் எடுங்க. சீட் நல்லா காய்ஞ்ச பிறகு காலை வெயில் அந்த இடத்தில் படுற மாதிரி சில நாள் காரை நிறுத்துங்க. மிச்ச மஞ்சள் வெளிச்சத்தில் மங்கும்.

கோவை_செடான்:
அடியில் எல்லாப் பக்கமும் நார்தான் தெரியுது, தண்ணி மேலேயே நிக்குது. ஜீன்ஸ் நீலத்துக்கு மேஜிக் ஸ்பாஞ்ச் இல்லைன்னா ஸ்பிரிட்னு வீடியோக்களில் சொல்றாங்க. முடிச்ச பிறகு தேங்காய் எண்ணெய் பூசினா போதுமா?

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
மேஜிக் ஸ்பாஞ்ச்ங்கிறது மெலமின் நுரை, வேலை செய்யுற விதத்தில் மிக நுண்ணிய உப்புத்தாள்தான். நீலம் போற மாதிரி தெரியும், டாப் கோட் தேய்ஞ்சு அந்த இடம் மட்டும் பளபளக்கும். அடுத்த ஜீன்ஸ் சாயம் இன்னும் சுலபமா ஏறும். ஸ்பிரிட் பூச்சையே இளக்கும். புதுசா ஏறின நீலம் நாலஞ்சு சுற்று நுரையில் குறையும். பூச்சுக்குள்ளயே இறங்கிட்ட சாயம் எந்த கிளீனருக்கும் வராது, மேல நிறமி அடிச்சு மறைக்கிறதுதான் வழி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஹெட்ரெஸ்டைக் கறுப்பாக்கினதே அதுதானே!

பைபாஸ்_வாஷ்பே:
மெலமினை நானும் சீட்டில் தொட விடமாட்டேன். பேனா மைக் கோட்டுக்கு மட்டும் காட்டன் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு ஒத்தலாம், தேய்க்கக் கூடாது. கிளீனிங் முடிஞ்சதும் கன்டிஷனர் (தோலை மென்மையா வெச்சிருக்கப் பூசுறது) கட்டாயம். அதை விட்டா லெதர் வறண்டு போகும்.

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
தண்ணி இறங்காத பூச்சில் கார ஏபிசி இறங்காதுன்னு மேல வாதாடினீங்க. கன்டிஷனர் மட்டும் எப்படி இறங்கும்? வெடிப்பு விட்ட விளிம்பில் கொஞ்சம் உள்ளே போகும், அங்கே மெல்லிசா ஒரு கை பூசி மிச்சத்தைத் துடைச்சு எடுங்க. மத்த இடத்துக்கு லெதர் புரொடெக்டன்ட் போட்டா சாயமும் எண்ணெயும் டாப் கோட்டில் ஒட்டுறது குறையும்.

பைபாஸ்_வாஷ்பே:
அந்த இடத்தில் மடக்கிட்டீங்க, சரி. விளிம்புக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் உங்க முறை. வெடிப்பில்லாத பின்சீட்டுக்கும் முதுகுப் பகுதிக்கும் ஒன்றுக்குப் பத்து ஏபிசி தப்பில்லைங்கிறதில் எனக்கு மாற்றமில்லை. மஞ்சள் கறையை மட்டும் ஒதுக்கிடுவேன்.

சீட்கவர்_தையல்:
கடையில் கொடுத்தாலும் வீட்டில் செஞ்சாலும் ஈரத்தை அளவோட வெச்சுக்கங்க. முன் சீட் குஷனுக்குள்ள ஆள் உட்கார்ந்திருக்காங்களான்னு பார்க்கிற சென்சார் இருக்கலாம், பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிஞ்சா அது ஏர்பேக் லைன், அதைக் கழட்டாதீங்க, நனைக்காதீங்க. காற்றோட்ட சீட்னா துளைக்குக் கீழே ஃபேன் ஓடுது, நுரை துளையை அடைக்கிற அளவு போடக் கூடாது. காய வைக்க ஹேர் டிரையரும் வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். ஈரத் தோல் சூட்டில் சுருங்கும், தையல் இழுபடும். நிழலில் நாலு கதவையும் திறந்து வெச்சு, மடிப்புக்குள்ள விரல் விட்டுப் பார்த்து, அங்கேயும் ஈரம் போன பிறகு கதவைச் சாத்துங்க. ஈரத்தோட பூட்டி வெச்சா நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.