பெஞ்சில் உட்கார்ந்தவங்க, ப்ராஜெக்ட்டுக்கு ஆள் தேடினவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மன்னைக்காரன்:
ஒரு பெரிய ஐடி கம்பெனியில ஆறு வருஷம் ஆர்எம்ஜி (எந்த ப்ராஜெக்ட்டுக்கு யாரைப் போடுறதுன்னு பார்க்கிற டீம்) வேலை பார்த்தேன். ப்ராஜெக்ட்காரங்க "இந்த ஸ்கில், இந்தத் தேதி"ன்னு டிமாண்ட் போடுவாங்க, ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல சும்மா இருக்கிறவங்கள்ல ஆள் பார்த்துப் பொருத்தணும். பெஞ்சுல இருக்கிறவருக்கு சம்பளம் போகும், க்ளையண்ட்கிட்டேர்ந்து பில்லிங் வராது. மேலேர்ந்து பிடுங்கி எடுப்பாங்க.

2020 ஜூன். லாக்டவுன்ல ஊர்த் திண்ணையில லேப்டாப். 12ஆம் தேதி மேட்டூர் திறந்தாச்சு, தெருவெல்லாம் குறுவைப் பேச்சு. எனக்கு மட்டும் கோபால் பேச்சு. அமெரிக்க இன்சூரன்ஸ் க்ளையண்ட் ஒருத்தருக்கு கோபால் ஆள் உடனே வேணும். 1959ல பொறந்த கம்ப்யூட்டர் மொழி (COBOL), எங்கப்பாவுக்கே மூத்தது. அம்மா கேட்டாங்க: "யாருடா அந்த கோபாலு, நாலு நாளா தேடுற?"

ஆள் தேடுற டூல்ல மூணே பேர். ரெண்டு பேரை வேற ப்ராஜெக்ட் சாஃப்ட் லாக் பண்ணி முன்கூட்டியே பிடிச்சு வெச்சிருச்சு, ஒருத்தர் நோட்டீஸ் பீரியட். அந்த எரிச்சல்லயே, ட்ரெய்னிங் முடிக்காத ஒருத்தரைத் திட்ட போன் போட்டேன். பாபநாசம் பக்கம். பின்னாடி டிராக்டர் சத்தம். ப்ரொஃபைல்ல "மேனுவல் டெஸ்டிங்"னு மட்டும் இருக்கும், ரெண்டு தடவை நானே கழிச்சுக் கட்டின ஆளு.

"முந்தின கம்பெனியில மூணு வருஷம் மெயின்ஃப்ரேம்ல கோபால்தான் சார். இங்க டெஸ்டிங்ல போட்டாங்க, அதையே ஃபில் பண்ணச் சொன்னாங்க."

"ஏங்க சொல்லல?"

"யாரும் கேக்கலையே சார்."

ராத்திரி ஏழரைக்கு க்ளையண்ட் கால். கரண்ட் போயிடுச்சு. மனுஷன் சிக்னல் கிடைக்கிற மதகுக் கட்டையில உட்கார்ந்து போன்ல பேசினார். எஸ்ஜீரோசி7ங்கிற எரர் ஏன் வரும்னு கேட்டாங்க. எண் இருக்க வேண்டிய ஃபீல்டுல வேற ஏதோ குப்பை இருக்குன்னு அர்த்தம்னு சொல்லிட்டு, எங்க தேடணும்ங்கிறதையும் அடுக்கினார். அடுத்த கேள்வி: "அது என்ன சத்தம்?" தவளை. ஓகே ஆயிட்டார்.

குடந்தைப்பொண்ணு:
நான் எதிர்ப்பக்கம். ஸ்கில் ஷீட்ல பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு 5க்கு 4 போட்டேன், எல்லாரும் போட்டாங்களேன்னு. இன்டர்வியூல பைத்தான்ல லிஸ்ட்டுக்கும் டப்பிளுக்கும் என்ன வித்தியாசம்னாங்க, சொன்னேன். ஜெனரேட்டர்னா என்னன்னாங்க. கல்யாண மண்டபத்து டீசல் ஜெனரேட்டர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ரிஜெக்ட். அப்புறம் நேர்மையா 2 போட்டேன், ஒருத்தரும் கூப்பிடல. இப்போ 3.

மன்னைக்காரன்:
அதை மாத்தாதீங்க. 5 போட்டவங்களை நாங்க ரெண்டாவதாத்தான் கூப்பிடுவோம்.

தஞ்சாவூரான்:
மேலவஸ்தாசாவடியில 2024 செப்டம்பர்ல டைடல் நியோ ஐடி பார்க் திறந்ததுலேர்ந்து வீட்ல "இங்கயே வந்துடேன்டா"ன்னு ஒரே பாட்டு. எங்க கம்பெனி டூல்ல லொகேஷன் லிஸ்ட்ல தஞ்சாவூரே கிடையாது. சென்னைன்னு போட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

அது இருக்கட்டும், அந்த பாபநாசத்துக்காரர் என்ன ஆனார்?

மன்னைக்காரன்:
இன்னும் அதே க்ளையண்ட்தான். தீபாவளிக்கு எனக்கு போன் பண்ணுவார். அம்மாதான் எடுப்பாங்க: "டேய், கோபாலு பேசுறாருடா!"